வாட்டர்ப்ரூஃப் கவருக்குள் வியர்த்த பத்மினி

கேள்வி: அப்பா 1982-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இப்போது என்னிடம் இருக்கிறது. வீடு திருவான்மியூரில், கடற்கரை நடந்து போகிற தூரம். அபார்ட்மென்டில் கூரை இல்லாத இடம்தான் கிடைத்தது. மேலே தூங்குமூஞ்சி மரம், கீழே வெறும் மண் தரை. ஜூலையில் புதிதாக பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் அடித்து வாங்கினேன். மறுவாரமே நல்ல வாட்டர்ப்ரூஃப் கவர் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன். மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தால் பானட்டிலும் மேற்கூரையிலும் கடுகு கடுகாகக் கொப்புளம். கதவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. கவர் மட்டமா, பெயின்டர் மட்டமா? அடுத்து எந்தக் கவர் வாங்கலாம்? போதாக்குறைக்கு ஒரு பூனை தினமும் அதன் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது.

பதில்: பெயின்டரை இப்போதைக்குத் திட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ‘மறுவாரமே’ என்கிற சொல். ஹார்டனர் கலந்து அடிக்கிற பியூ பெயின்ட் ஒரே நாளில் கைக்குக் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் தின்னர் முழுக்க வெளியேறிப் படலம் இறுகுவதற்கு ஒரு மாதம் வரை ஆகும். அந்த ஒரு மாதம் வண்டி திறந்து நிற்க வேண்டும். நீங்கள் ஏழாம் நாளே போர்த்திவிட்டீர்கள், அதுவும் காற்றே புகாத துணியால்.

கடையில் கவர் கேட்டாலே ‘சொட்டுத் தண்ணி உள்ள போகாது சார்’ என்பார்கள். உண்மைதான், போகாது. ஆனால் உள்ளே இருப்பதும் வெளியே வராது. மழையில் வண்டிக்கு அடியில் உள்ள மண் ஊறுகிறது. அடுத்த நாள் வெயில் அடித்ததும் அந்த ஈரம் ஆவியாகி எழுகிறது. வண்டி திறந்து நின்றால் காற்றோடு போய்விடும். கவருக்குள் என்றால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரவில் முதலில் குளிர்வது மேற்கூரையும் பானட்டும்தான், வானத்தைப் பார்த்துக் கிடப்பவை அவைதானே. ஆவி அங்கே முத்து முத்தாகக் கோத்து பெயின்ட் மேல் உட்காரும். இட்லிப் பானை மூடியைத் தூக்கும்போது உள்பக்கமிருந்து சொட்டுமே, அதே சமாச்சாரம். விடிந்தால் மறுபடி சூடு, மறுபடி ஆவி. ஒரு பருவமழை முழுக்க உங்கள் வண்டி கவருக்குள் வெந்திருக்கிறது. கதவுகள் தப்பியதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது, நம் வண்டலூர் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. ஒரு கார்த்திகையில் ஊருக்குப் போகும்போது கெட்டியான பிவிசி கவர் போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, பெருமையாகக் கிளம்பினேன். தை பிறந்து வந்து அவிழ்த்தால், ஊறின நெல் மூட்டையைப் பிரித்த மாதிரி ஒரு வாடை. ஸ்டீயரிங்கில் வெள்ளைப் பூசணம். பம்பர் குரோமில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள். பானட் முனையில் கவர் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் பழைய லாக்கர் பெயின்ட் இளகி, துணியின் நெசவு அப்படியே அச்சாக விழுந்திருந்தது. பிவிசி வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் சூட்டில் கசிந்து பெயின்டை இளக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பம்பாயின் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளைப் பாருங்கள். 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சி ஓய்வு பெறும் வரை, அந்த ஊர் மழையில் அவை தெருவில்தான் நின்றன. துருப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் ஓடின, ஓடின காற்றிலேயே காய்ந்தன. மேலே விழுகிற மழையைவிடப் போக வழியில்லாமல் தங்குகிற ஈரத்துக்குத்தான் பழைய தகடு பயப்படும்.

உங்கள் இடத்தில் கடலும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசியும் அல்லவா? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். திருவான்மியூரில் அந்த அளவு ஈரப்பதம் இரவுகளில் சர்வ சாதாரணம். வண்டி மேல் படிந்த உப்புத் துகள் மழையே இல்லாமல் தன்னைத்தானே நனைத்துக்கொள்ளும். அதனால் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது எந்தக் கவரைவிடவும் முக்கியம். குரோம், மேற்கூரை ஓரத்து மழைக்கால்வாய், சக்கர வளைவின் உள்பக்கம் இந்த மூன்று இடங்களையும் விட்டுவிடாதீர்கள். கழுவிய உப்புத் தண்ணீர் அங்கேதான் போய்த் தேங்கும்.

சரி, துணிக்கு வருவோம். கடைக்காரரிடம் துண்டுத் துணி கேட்டு வாங்கி, பக்கத்து டீக்கடையில் ஆவி பறக்க ஒரு டம்ளர் வெந்நீர் வாங்குங்கள். டம்ளர் வாயில் துணியை இறுக்கிப் பிடித்து, மேலே காய்ந்த எவர்சில்வர் தட்டைக் காட்டுங்கள். அரை நிமிடத்தில் தட்டு மங்கினால் துணி மூச்சு விடுகிறது. மங்கவே இல்லையென்றால் அது காருக்கான கவர் இல்லை, ரெயின்கோட். பிறகு அதே துணியைக் குழிவாகப் பிடித்து அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். அடியில் லேசாக ஈரம் தெரிந்தால் பரவாயில்லை, ஒழுகினால் வேண்டாம். இரண்டு சோதனையிலும் நூற்றுக்கு நூறு வாங்கும் மலிவான துணியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏதாவது ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் தண்ணீரில் விட்டுக்கொடுங்கள், காற்றில் வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. வெள்ளிப் பூச்சுக் கவர் என்றால் வெள்ளைக் கைக்குட்டையால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் சாம்பல் நிறம் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடையிலேயே உதிர்வது இரண்டு கோடைக்குப் பிறகு உங்கள் பெயின்ட் மேல்தான் உதிரும்.

கவர் மேல் 190டி என்று போட்டிருந்தால் அது நூல் நெருக்கத்தின் கணக்கு. மெல்லிய பாலியெஸ்டர். வீட்டுக்குள் தூசுக்குப் போடலாம், சென்னை வெயிலில் நிற்காது. நெய்யாமல் அழுத்திச் செய்த பாலிப்ராப்பிலீன் கவர்கள் மூன்று அடுக்கு, நாலு அடுக்கு என்று வருகின்றன. மெத்தென்று இருக்கும், காற்றும் போகும். குறை என்னவென்றால், மொட்டை மாடியில் கிடந்த உரச் சாக்கு கை பட்டதும் பொடிப்பொடியாக உதிருமே, அதுவும் இதே பாலிப்ராப்பிலீன்தான். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்திருந்தால் சில காலம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். கொஞ்சம் கனமான 300 டெனியர் (இது நூலின் கனத்துக்கான கணக்கு) பாலியெஸ்டர், பூச்சு லேசாக இருந்தால், கொடுக்கிற காசுக்கு நியாயமான சரக்கு. டம்ளர் சோதனை செய்யாமல் இதை வாங்காதீர்கள், பல கவர்களில் பூச்சைக் கெட்டியாக அப்பித் துளைகளை அடைத்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அக்ரிலிக். கடை வாசலில் வெயிலுக்கு இறக்கிவிடுகிற மறைப்புத் துணி பார்த்திருப்பீர்கள், அந்த ஜாதி. நூலாக இழுக்கும்போதே சாயத்தைக் கலந்துவிடுவதால் வெயிலில் வெளுக்காது, நன்றாக மூச்சு விடும், மழையையும் பெருமளவு தடுக்கும். விலை பல மடங்கு, எடையும் அதிகம், உள்பக்கம் சொரசொரப்பு. பத்மினியைப் பத்து வருடம் வெளியில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். பானட், கூரை, டிக்கி படும் இடங்களில் மட்டும் மெல்லிய மென்துணியை உள்ளே வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பழைய கார்களுக்குப் போடுகிறார்களே என்று முழுக்கப் பருத்தி ஃபிளானல் வைக்காதீர்கள். நம் ஈரத்தில் அது குழந்தைக்குப் போட்ட ஈரத் துணி மாதிரி நாள்பூரா ஒட்டிக் கிடக்கும்.

அளவு விஷயத்தில் ‘ஸ்விஃப்ட் சைஸ் போதும் சார்’ என்று தலையில் கட்டிவிடுவார்கள். நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே நாலு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. ஆனால் பத்மினி அதைவிட ஒரு சாண் ஒடுக்கம், டிக்கியும் பின்னால் தனியாக நீண்டிருக்கும். ஸ்விஃப்ட் கவர் டிக்கி மேல் தொட்டில் மாதிரி தொங்கி, மழைத் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து வைக்கும். பக்கவாட்டில் மிஞ்சிய துணி கடல் காற்றில் நாள் முழுக்கப் படபடவென்று அடிக்கும். தூசியில் உள்ள மணல் பெயின்டைவிடக் கெட்டி. தளர்ந்த கவர், காற்று இழுக்கிற உப்புத்தாள்தான்.

அதனால் அளவெடுத்துத் தைப்பதே மேல். ஜி.பி. ரோடு பக்கம் சீட் கவர் தைப்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். முன் பம்பர் அடியில் தொடங்கி பானட், கண்ணாடி, கூரை, டிக்கி எனச் சரிவுகளை ஒட்டியே டேப்பைக் கொண்டுபோய்ப் பின் பம்பர் அடி வரை அளக்கச் சொல்லுங்கள். தையல் கூரையின் நடுவில் ஓடக் கூடாது, ஊசித் துளை வழியாகத்தான் முதல் ஒழுகல் வரும். மழைக்கால்வாயை ஒட்டிப் பக்கத்தில் ஓடட்டும். பம்பர் கொம்பு, சைடு மிரர், கதவுக் கைப்பிடி, பின்னால் வால் போல லேசாக எழும் அந்த முனைகள், இங்கெல்லாம்தான் கவர் தேய்ந்து கிழியும். உள்பக்கம் ஒட்டுத் துணி வையுங்கள். கவரின் கீழ் விளிம்பு பாதி சக்கரத்தோடு நின்றுவிட வேண்டும். தரை வரை இறக்கினால் காற்று புகாது, எலி மட்டும் புகும். முன்னும் பின்னும் எலாஸ்டிக், நடுவில் வண்டிக்கு அடியில் போகிற ஒரு நாடா, பிளாஸ்டிக் பக்கிள், இது போதும். பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி அடியில் இழுத்துக் கட்டினாலும் வேலை நடக்கும். செங்கல் மட்டும் தொங்கவிடாதீர்கள். காற்றில் ஊஞ்சலாடிக் கதவைச் சொட்டையாக்கிவிடும்.

போடுவதற்கு முன் தூசியைத் தண்ணீர் விட்டு இறக்குங்கள், வண்டி காய்ந்து எஞ்சின் ஆறட்டும். எடுக்கும்போது இழுக்காமல் பக்கங்களை மேலே மடித்து, முன்னாலிருந்து சுருட்டிக்கொண்டே போங்கள். உள்பக்கம் தரையில் படவே கூடாது. கவரையும் மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலசுங்கள். சோப்புத் தூள் போட்டால் தண்ணீரை உருட்டிவிடும் பூச்சு போய்விடும். மழைக்காலத்தில் எப்போது வெயில் எட்டிப்பார்த்தாலும் கவரை எடுத்துக் கதவுகளைத் திறந்து வையுங்கள், ஒரு மணி நேரமாவது. இதற்கு நேரமில்லை என்றால் மழைக்காலத்தில் கவரே போடாமல் இருப்பது நல்லது. உண்மையாகவே சொல்கிறேன்.

மண் தரைக்கு ஒரு வழி செய்யுங்கள். கெட்டியான பாலித்தீன் விரிப்பைப் போட்டு, சக்கரம் நிற்கும் இடத்தில் மட்டும் கடப்பைக்கல். பத்மினியின் தளத் தகடு கீழிருந்துதான் அரிக்கும். அங்கே கவரால் ஒன்றும் ஆகாது.

என்னைக் கேட்டால் இந்த இடத்துக்குக் கவரைவிட முதலில் வேண்டியது பந்தல். நாலு கம்பம் நட்டு 75 சதவீத நிழல் வலை கட்டினால் வெயில் முக்கால்வாசி நின்றுவிடும், இலையும் காக்கை எச்சமும் வலையிலேயே தங்கும், காற்று தாராளமாக ஓடும். தூங்குமூஞ்சி மரத்திலிருந்து சொட்டும் பிசுபிசுப்பு மட்டும் வலைக்குள் கொஞ்சம் இறங்கும், அதற்குத்தான் கீழே கவர். அசோசியேஷனில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்காமல் நட்டால் அடுத்த பொதுக்குழுவின் முதல் அஜெண்டாவே உங்கள் வலைதான்.

புயல் எச்சரிக்கை வந்தால் வலை, கவர் இரண்டையும் கழற்றி வண்டியை மரத்தடியிலிருந்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிளை விழுந்தால் எந்தத் துணியும் தாங்காது. புயல் காற்றில் கவர் பாய்மரம் மாதிரி உப்பி வண்டியை அறையும். நனைந்தால் நனையட்டும்.

இப்போது இருக்கும் கொப்புளங்களுக்கு அவசரப்பட்டு எதையும் தேய்க்காதீர்கள். கவரை எடுத்துவிட்டு நல்ல வெயிலில் இரண்டு மூன்று வாரம் நிறுத்துங்கள். சில தானாக அமுங்கலாம். அமுங்காததில் கண்ணில் படாத ஓரமாக ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். தெளிவான ஈரம் வந்தால் பெயின்டுக்குள் தங்கிய நீர், அந்தப் பகுதியை மட்டும் சீவி அடித்தால் போதும். பழுப்பாக வந்தால் தகடு வரை போய்விட்டது, அப்போது பெயின்டரைக் கூப்பிடுங்கள். அடிக்கும் முன் உப்புப் போகத் தகட்டை நல்ல தண்ணீரில் கழுவினாரா என்று அவரிடம் கேட்கவும் அதுதான் சமயம்.

பூனைக்கு வருகிறேன். அது உங்கள் பானட்டைத் தேடி வரவில்லை, கதகதப்பான உயரமான இடத்தைத்தான் தேடுகிறது. விரட்டி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. பந்தல் கம்பத்தை ஒட்டி ஒரு பழைய ஸ்டூலில் சாக்கை மடித்துப் போட்டு வையுங்கள், பெரும்பாலும் அங்கே மாறிவிடும். மாறாவிட்டாலும் பழகிக்கொள்ளுங்கள். அது இருக்கும் வரை வயரிங்கைக் கடிக்க எலி வருவது குறைவு.