விப்பெட் நாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தும் கோட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மார்புக்குப் பார்த்து வாங்கினால் இடுப்பில் தொளதொளவென்று தொங்குகிறது, இடுப்புக்குப் பார்த்து வாங்கினால் மார்பில் பூட்டவே முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கிரேஹவுண்டைப் போன்ற ஒல்லியான ஓட்டநாய் இனமான விப்பெட்டை வளர்ப்பவர்கள் முதல் குளிர்காலத்திலேயே சொல்லத் தொடங்கும் புகார் இது. ஆணும் பெண்ணுமாக இரண்டு விப்பெட் வைத்திருக்கிறேன், எனக்கும் இதே பாடுதான். என் பதில்: மார்புக்கும் முதுகுக்கும் பார்த்து வாங்குங்கள். இடுப்பை மறந்துவிடுங்கள். அதை இழுத்துப் பிடிப்பது வாரின் வேலை.

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான நாய்க் கோட்டுகள் பீப்பாய் போன்ற உடம்புக்காக வெட்டித் தைத்தவை. விப்பெட்டின் மார்பு முழங்கை வரை ஆழமாக இறங்கியிருக்கும், ஆனால் அகலம் குறைவு. அங்கிருந்து வயிறு சட்டென்று மேலேறி ஒட்டிப்போகும். முதுகும் நேராக இருக்காது, இடுப்புக்கு மேலே வில்லாக வளையும். போதாததற்குக் கழுத்து வேறு நீளம். இப்படிப்பட்ட உடம்புக்கு ஸ்மால், மீடியம் என்ற அளவெல்லாம் எதையும் சொல்லாது. எடையை வைத்து அளவு சொல்லும் அட்டவணை அதைவிட மோசம். 12 கிலோ விப்பெட்டையும் 12 கிலோ ஃபிரெஞ்சு புல்டாக்கையும் அது ஒரே கட்டத்தில் அடைத்துவிடும். உயரமும் அவ்வளவாக உதவாது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்துக் கென்னல் கிளப்பின் இன இலக்கணம் ஆணுக்கு 47 முதல் 51 செ.மீ., பெண்ணுக்கு 44 முதல் 47 செ.மீ. என்கிறது. ஒரே உயரமுள்ள இரண்டு நாய்களுக்கு மார்புச் சுற்றளவு நன்றாகவே வேறுபடும்.

ஆகவே இன்ச் டேப்பை எடுங்கள். நாய் நாலு காலிலும் இயல்பாக நிற்க வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு எதற்கும் ஆகாது. மார்புச் சுற்றளவை முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே, மிக ஆழமான இடத்தில் எடுங்கள். முதுகு நீளத்தை எடுக்கும்போது டேப் அந்தரத்தில் நிற்காமல் வளைவோடு ஒட்டிப் படிந்து, வால் தொடங்கும் இடம் வரை போக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை கிடையாது. சிலர் காலர் கிடக்கும் இடத்திலிருந்து அளக்கச் சொல்கிறார்கள், சிலர் தோள்பட்டை மேட்டிலிருந்து. விப்பெட்டின் கழுத்துக்கு இந்த வித்தியாசம் ஓர் அளவையே மாற்றிவிடும். அவர்களுடைய படத்தைப் பார்த்து, அதேபோல் அளந்துகொள்ளுங்கள். கழுத்தைக் காலர் கிடக்கும் இடத்தில் மட்டுமல்லாமல், அது தோளோடு சேரும் அடிப்பகுதியிலும் அளக்க வேண்டும். அங்கேதான் கழுத்து விரிகிறது, பிற இனங்களுக்குத் தைத்த கோட் அங்கேதான் பிடிக்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்து நின்றால் பெரியதை எடுங்கள். வாரை இறுக்கலாம், துணியை நீட்ட முடியாது.

ஆண் நாயாக இருந்தால் இன்னோர் அளவும் வேண்டும். வயிற்றுப் பக்கத் துணி, நாய் சிறுநீர் கழிக்கும் இடத்துக்கு நாலு விரல் முன்னாலேயே முடிய வேண்டும். இல்லாவிட்டால் முதல் நடையிலேயே கோட் நனைந்து நாறும். அதற்காக வயிற்றுத் துணியே இல்லாத கோட்டுக்குப் போகாதீர்கள். விப்பெட்டின் வயிற்றில் முடி மிகக் குறைவு, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. நெஞ்சும் வயிறும் திறந்து கிடக்க முதுகை மட்டும் மூடுவதில் பெரிய பயன் இல்லை. அகலமான வயிற்றுத் துணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒடுங்கிய மார்பில் ஒற்றை வார் மட்டும் இருந்தால் கோட் பக்கவாட்டில் உருண்டுபோகும், அகலத் துணி அதைப் பிடித்து நிறுத்தும்.

போட்டுப் பார்க்கும்போது நிற்கவைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நிற்கும் விப்பெட்டுக்கு எந்தக் கோட்டும் அழகாகத்தான் இருக்கும். முதலில் ஒவ்வொரு வாருக்கு அடியிலும் இரண்டு விரல்கள் தட்டையாக நுழைகின்றனவா என்று பாருங்கள். பிறகு முதுகின் நடுவில் துணியைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். கொஞ்சம் அசையலாம். விலாப்பக்கம் வரை சுற்றிக்கொண்டு வந்தால் மார்பு அளவு பெரிது. அடுத்து ஒரு முன்னங்காலை மெதுவாகப் பிடித்து முன்னால் நீட்டிப் பாருங்கள். துணி இழுத்தால் அந்தக் கோட்டின் முன்விளிம்பு தோள்மூட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த இனம் எட்டி எட்டிக் கால் வைத்து நடப்பது, அதன் தோளைப் பூட்டிவிட்டால் நடையே குறுகிவிடும். இந்த ஒரு குறைக்காகவே நான் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. கடைசியாகத் தின்பண்டத்தைத் தரையில் போட்டுத் தலையைக் குனியவையுங்கள். குனியும்போது முதுகு நீளும். அப்போது கோட் முன்னுக்கு ஏறி இடுப்பு வெளியே தெரிந்தால் நீளம் போதாது.

முதல்முறை கோட் போட்டதும் சில விப்பெட்டுகள் சிலையாக நின்றுவிடும், ஓர் அடிகூட எடுத்து வைக்காது. பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். அது பெரும்பாலும் பழக்கமின்மைதானே தவிர அளவுக் கோளாறு இல்லை. வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு, தின்னக் கொடுத்து நாலடி நடத்திப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

தோல் விஷயத்தில் கவனம் தேவை. விப்பெட்டின் தோல் மெல்லியது, எளிதில் கிழியும். முதுகுத்தண்டின் மேல் ஓடும் தடித்த தையல், தோலைக் கவ்வக்கூடிய ஜிப், ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெல்க்ரோ, இவை மூன்றும் வேண்டாம். பக்கிள் நல்லது. நடை முடிந்து கழற்றியதும் அக்குள், நெஞ்செலும்பு, இடுப்பெலும்பின் முனை ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். சிவந்திருந்தாலோ முடி உதிர்ந்திருந்தாலோ அங்கே உரசுகிறது.

பின்னந்தொடைகளைச் சுற்றி வரும் எலாஸ்டிக் வளையங்கள் காற்றில் கோட் பறக்காமல் இருப்பதற்காக வைத்தவை. வயிற்று வார் சரியாக இருந்தால் அவை தேவையில்லை என்பது என் கருத்து. தொடையின் உள்பக்கம் உரசுவதுடன், பெண் நாய்க்கு நனைந்தும் போகும்.

துணியைப் பொறுத்தவரை ஃப்ளீஸ் உடம்போடு ஒட்டும், நன்றாகச் சூடு பிடிக்கும், மழையில் தண்ணீரைக் குடித்துவிடும். உள்துணி இல்லாத மழைக்கோட் நனையவிடாது, ஆனால் குளிரைத் தடுக்காது. தடித்த ஒரே கோட்டைவிட, ஒட்டிய ஃப்ளீஸும் அதன்மேல் போட மெல்லிய மழைக்கோட்டும் எனக்கு வசதியாக இருக்கின்றன. மேலே போடும் கோட் அரை அளவு தாராளமாக இருக்கட்டும். ஹார்னஸ் (காலருக்குப் பதில் மார்பைச் சுற்றிப் பூட்டும் வார்) போடுபவர்கள் கோட்டின் முதுகில் உள்ள துளை ஹார்னஸின் வளையத்துக்கு நேராக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவிழ்த்துவிட்டு ஓடவிடுவதாக இருந்தால் நான் கோட்டைக் கழற்றிவிடுவேன், ஓட்டம் நின்றதும் உடனே போட்டுவிடுவேன். விப்பெட் மணிக்கு 55 கி.மீ. வேகத்தைத் தொடக்கூடியது. அந்தப் பாய்ச்சலில் பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே வந்து விழும். தொங்கும் வாரில் கால் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குட்டிக்கு விலை அதிகமான கோட் வேண்டாம். ஒரு வயதை ஒட்டி உயரம் நின்றுவிட்டாலும் மார்பு அதன் பிறகும் நிறையும்.

நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருப்பதில் மார்பும் முதுகும் சரியாக இருந்து இடுப்பு மட்டும் தொங்குகிறதென்றால் தூக்கிப் போட வேண்டாம். நாய்க்குப் போட்டு நிற்கவைத்து, வளைவு தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் உபரித் துணியைச் சாக்பீஸால் குறித்துத் தையல்காரரிடம் கொடுங்கள். அங்கே மட்டும் பிடித்துத் தைத்தால் போதும். மார்புப் பக்கத் தையலில் கை வைக்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.