எல்லாவற்றையும் இன்றே சொல்லிவிட வேண்டுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது, கோடை லீவுக்குப் போயிருந்த ஒரு உறவினர் வீட்டில் ஒன்று நடந்தது. அதை இங்கே எழுத விரும்பவில்லை. நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. சமையலறையில் நிற்கும்போது வீட்டுக்காரர் பின்னால் வந்து தோளைத் தொட்டால் அலறிவிடுகிறேன். ஒருமுறை கையிலிருந்த கரண்டியாலேயே அடித்துவிட்டேன். அவர் நல்லவர். அதனாலேயே இன்னும் வேதனையாக இருக்கிறது.

இரண்டு மாதமாக ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் போகிறேன். முதல் நாளே, இப்படி ஒன்று நடந்தது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் அதைப் பற்றி இன்றுவரை துருவிக் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, சாப்பிடுகிறீர்களா, யாரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது என்றே கேட்கிறார். பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்து, அறையில் கண்ணில் படும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறார். போன வாரம் "இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் மேடம்" என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. "இன்றைக்கு இது போதுமா?" என்று நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மொத்தத்தையும் கொட்டி அழுதுட்டா சரியாப் போயிடும், இதுக்கு எதுக்கு மாசக்கணக்கா பணம் கட்டறே" என்கிறார் வீட்டுக்காரர். "நீங்கள் யார் என்று நீங்களே கண்டுபிடிக்கிற இடத்துக்கும் ஒருநாள் வருவோம்" என்றும் அந்த மேடம் சொன்னார். 34 வயதில் நான் யார் என்று எனக்குத் தெரியாதா? இதெல்லாம் உண்மையில் சிகிச்சைதானா அக்கா?

– ச.

*

அன்புள்ள ச.,

ஊர், வேலை முதலிய அடையாளங்களை மாற்றி, உங்கள் சம்மதத்தோடு இதை வெளியிடுகிறேன். நான் மருத்துவரோ உளவியலாளரோ அல்ல, இத்துறையைத் தொடர்ந்து வாசித்து வருபவள். உங்களுக்கு இருப்பது இன்னது என்று பெயர் சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் சைக்காலஜிஸ்ட் செய்வதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான அனுபவம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

பியேர் ழானே என்று ஒரு பிரெஞ்சு உளவியலாளர் இருந்தார். 1859இல் பிறந்தவர். லே ஆவ்ர் துறைமுக நகரில் தத்துவ ஆசிரியராக இருந்துகொண்டே அங்குள்ள மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கி, பிறகு பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். 1906இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஐரீன் என்ற பெண்ணின் கதையைச் சொன்னார்.

ஐரீனுக்கு இருபது வயது இருக்கும். அம்மாவுக்குக் காசநோய் முற்றிவிட்டது. ஒரு மாடியறையில் இருவர் மட்டும். அறுபது இரவுகள் அந்தப் பெண் அம்மாவின் பக்கத்தில் விழித்திருந்தாள், தையல் எந்திரத்தை ஓட்டிக்கொண்டே. அதில் வரும் சில்லறைக் காசுதான் இருவருக்கும் சாப்பாடு. அம்மா இறந்தபோது அதை அவளால் ஏற்க முடியவில்லை. மூச்சை வரவழைக்கப் பார்த்தாள். உடலை நிமிர்த்தி வைக்க முயன்றாள். அது சரிந்து தரையில் விழுந்தது. திரும்பவும் கட்டிலில் ஏற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். அம்மா இறந்தது அவளுக்கு நினைவே இல்லை. எல்லாரும் சொல்கிறார்கள், துக்க உடை போட்டிருக்கிறேன், அம்மாவையும் காணோம், ஆகவே இறந்துதான் போயிருக்க வேண்டும் என்று யாருடைய கதையையோ போலப் பேசுவாள். ஆனால் திடீர் திடீரென்று அந்த இரவு முழுவதையும் உடலால் மறுபடி நடத்திக்காட்டுவாள். இல்லாத அம்மாவுக்குப் பணிவிடை செய்வாள், இல்லாத உடலைத் தூக்குவாள். மணிக்கணக்கில் இது நடக்கும். முடிந்ததும் ஒன்றும் தெரியாது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு, அம்மா எப்படி இறந்தாள் என்பதை அவளால் அழுதுகொண்டே வாயால் சொல்ல முடிந்தது. அப்படிச் சொல்வதற்கு மணிக்கணக்கு தேவைப்படவில்லை.

ழானே இதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு இன்றைய ட்ராமா (மன அதிர்ச்சி) சிகிச்சைகள் பலவற்றுக்கு அடித்தளம். நினைவு என்பது ஒரு செயல், கதை சொல்கிற செயல் என்றார் அவர். அப்போது நான் சின்னப் பிள்ளை, இப்படி நடந்தது, அது முடிந்துவிட்டது, இப்போது நான் இங்கே உட்கார்ந்து சொல்கிறேன் என்று ஒருவரால் சொல்ல முடிந்தால் அது நினைவு. அப்படிச் சொல்ல முடியாமல் உடல் மட்டும் அதைத் திரும்பத் திரும்ப நிகழ்த்தினால், அந்த ஆளுக்கு அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தோளில் கை பட்டதும் கரண்டி எழுந்ததே, அதை இந்தக் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். அந்த நொடியில் உங்கள் உடல் திருப்பூர் சமையலறையில் இருந்ததா?

பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்வது இதற்காகத்தான். பழைய விஷயத்தைத் தொடும்போது உடல் அங்கே போய்விடாமல், இது இந்த வருடம், இது இந்த நாற்காலி, கதவு அதோ இருக்கிறது என்று அதற்கு உறுதி தருகிற வேலை அது. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். இது கைவராமல் நினைவுக்குள் இறங்கினால் சொல்வதாக நினைத்துக்கொண்டு அந்த விடுமுறையை இன்னொரு முறை வாழ்ந்துவிட்டு வீட்டுக்கு வருவீர்கள். போன வாரம் மூச்சு வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லுதல் நின்று நிகழ்தல் தொடங்கிய இடம் அதுவாக இருக்கலாம். அவர் அதைக் கவனித்திருக்கிறார்.

ழானே சிகிச்சையைக் கட்டம் கட்டமாகச் செய்தார்: முதலில் நோயாளியை நிலைக்குக் கொண்டுவருவது, அடுத்து அந்த நினைவு, அப்புறம் வாழ்க்கைக்குத் திரும்புவது. 1992இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் இதையே விரித்து எழுதினார். போரிலிருந்து திரும்பிய வீரர்களும், வீட்டுக்குள் வதைபட்ட பெண்களும், பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளும் ஒரே வகைக் காயத்தைத்தான் சுமக்கிறார்கள் என்று துணிந்து சொன்னவர் அவர். பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கித்தல், பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்தல் என்பது அவர் வகுத்த வரிசை. அவர் சொல்லும் இன்னொன்றை நான் வரிசையைவிட முக்கியமாக நினைக்கிறேன். இந்தக் காயத்தின் மையம், தன்மேல் தனக்கிருந்த அதிகாரம் பறிபோனது. ஆகவே அந்த அதிகாரத்தை இன்னொரு முறை பறிக்கிற எந்த உதவியும், எவ்வளவு நல்லெண்ணத்தில் செய்தாலும், குணமாக்காது.

உங்களுக்கு ஒன்பது வயதில் "போதும், நிறுத்து" என்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்பார் இல்லை. இப்போது ஒருவர் எதிரே உட்கார்ந்து "இன்றைக்கு இது போதுமா?" என்று கேட்கிறார். அது கேள்வி, ச. "போதாது மேடம், இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்" என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை சொல்லுங்கள். எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் கைக்கு வருவது சிகிச்சைக்கான முன்னேற்பாடு அல்ல, சிகிச்சையே அதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது ஊரில் எல்லாரும் சொல்வது. கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நாம் நம்புகிறோம். துக்கத்தில் அது பெரும்பாலும் சரி. ஒப்பாரி வைத்து அழுத சமூகம் நம்முடையது. ஆனால் அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து, ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறையை ஆராய்ந்து பார்த்தபோது, அதனால் பின்னாளைய பாதிப்பு குறைவதாகத் தெரியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் தொடங்கி இலங்கையின் கிழக்குக் கரை வரை, கவுன்சலிங் தருகிறோம் என்று எத்தனை பேர் வந்தார்கள்! 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட பேரிடர் கால மனநல வழிகாட்டி, அந்த ஒற்றை அமர்வு முறையைச் செய்யாதீர்கள் என்றே சொல்கிறது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் அக்கறையில்தான் பேசுகிறார்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தயார்ப்படுத்துகிறேன் என்று மாதக்கணக்கில் இழுப்பதும் ஒருவகைத் தப்பித்தல்தான் என்று வாதிடும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில் சில அமர்வுகளிலேயே அந்த நினைவைத் திரும்பத் திரும்ப, கண்ணை மூடிச் சொல்லவைப்பார்கள். மொத்தச் சிகிச்சையும் பெரும்பாலும் எட்டிலிருந்து பதினைந்து அமர்வுக்குள் முடியும். இன்னோர் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ 1980களின் இறுதியில் கொண்டுவந்த இஎம்டிஆர் முறையில், நினைவை மனத்தில் வைத்துக்கொண்டு சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடர்வார்கள். இரண்டாலும் நிறையப் பேர் தேறியிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். "அந்த விஷயத்துக்கு எப்போது போவோம்? நான் தயார் என்பதை எதை வைத்து முடிவு செய்வோம்? எந்த முறையில் செய்வோம்?" என்று கேளுங்கள். நல்ல சைக்காலஜிஸ்ட் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். கோபம் வந்ததையும் சொல்லுங்கள். உங்களைவிட அதிகாரம் உள்ள ஒருவரிடம் "எனக்குக் கோபம் வந்தது" என்று சொல்லியும் உறவு முறியாமல் இருப்பதை ஒருமுறை அனுபவிப்பது, பத்து அறிவுரைக்குச் சமம்.

ழானேவைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் முடியவில்லை. சில நோயாளிகளை அறிதுயிலில் ஆழ்த்தி, அவர்களுடைய நினைவையே வேறொன்றாக மாற்றியமைத்தார் அவர். அந்தக் காலத்தில் அது கருணையாகத் தெரிந்திருக்கலாம். இன்று யாராவது ஹிப்னாடிசம் செய்து மறந்ததைத் தோண்டி எடுக்கிறேன், இருப்பதை அழித்துவிடுகிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படித் தோண்டியதில் நடக்காதவையும் நினைவாக முளைத்து, 1990களில் அமெரிக்காவில் குடும்பங்கள் சிதறின, நீதிமன்றங்கள் வரை போயின.

இனி வீடு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், சிறுவயதில் தொடரும் கொடுமை போன்றவற்றால் வரக்கூடிய சிக்கலான அதிர்ச்சிப் பாதிப்புக்குத் தனி இடம் உண்டு. பழைய நிகழ்வு மீண்டும் நடப்பதாக உணர்தல், அதை நினைவூட்டுவதைத் தவிர்த்தல், எப்போதும் விழிப்பாக இருத்தல் ஆகியவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: உணர்ச்சி கட்டுக்குள் நிற்காமை, தன்னைப் பற்றிய தாழ்ந்த எண்ணம், நெருங்கிய உறவில் நிலைக்க முடியாமை. உங்களுக்கு இது இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. காயம், உறவு, தான் ஆகிய மூன்றும் ஒரே முடிச்சு என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன். நாம்தான் கரண்டியால் அடித்ததைத் தாம்பத்தியப் பிரச்சினை என்றும், தூக்கமின்மையை உடம்புக் கோளாறு என்றும் பிரித்துப் பிரித்து வைத்துக்கொள்கிறோம். மகள் வளரத் தொடங்கியதும் உங்களுக்கு இது கிளம்பியதிலும் அதிசயம் இல்லை. தன் குழந்தையின் வயது வழியாகப் பழைய காயம் விழித்துக்கொள்வதைச் சிகிச்சையாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு காரியம் கேளுங்கள். சமையலறைக்குள் வருமுன் வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். நீங்கள் திரும்பிப் பார்த்த பிறகு அருகில் வரட்டும். அவருக்கு முழு விவரமும் தெரிந்தாக வேண்டும் என்று இல்லை. "சின்ன வயதில் ஒருவர் என்னிடம் தப்பாக நடந்துகொண்டார், அதனால்தான் என் உடம்பு பயப்படுகிறது, உங்களைப் பார்த்து அல்ல" என்ற அளவு போதும். அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நீங்கள் விரும்பினால் ஒரு செஷனுக்கு அவரையும் அழைத்துப் போகலாம்.

"நீங்கள் யார் என்று கண்டுபிடிப்போம்" என்றது உங்களுக்கு எரிச்சலூட்டியிருக்கிறது. அது மூன்றாவது கட்டத்துப் பேச்சு, அவர் கொஞ்சம் முன்னதாகவே சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் பொருளில்லாத பேச்சு அல்ல. அப்படி ஒரு வீட்டில் மாட்டிக்கொண்ட குழந்தை பிழைப்பதற்காகச் சில முடிவுகள் எடுக்கும். சத்தம் போடாதே, யார் கண்ணிலும் படாதே, எதையும் கேட்காதே, தப்பு உன்னுடையதுதான். அந்த வயதில் அவை காப்பாற்றின. வளர்ந்த பிறகு அவற்றையே நாம் நம் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்குக் கோபமே வராது, எனக்கு எதிலும் ஆசை கிடையாது, நான் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டேன் என்றெல்லாம். இதில் எது நீங்கள், எது அந்தக் குழந்தை பயத்தில் எடுத்த முடிவு என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் அந்த மேடம் சொல்கிறார்.

உங்கள் கடிதத்திலேயே அது ஆரம்பமாகிவிட்டதாக எனக்குப் படுகிறது. முதல் பத்தியிலேயே "அதை இங்கே எழுத விரும்பவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை. உங்களுக்குத் தேவையானதைக் கேட்டீர்கள், வேண்டாததை வெளியே நிறுத்தினீர்கள். இதைச் செய்யத் தெரிந்தவர் யார் என்று உங்கள் சைக்காலஜிஸ்ட்டோடு பேசிப் பாருங்கள்.

பண விஷயத்தையும் அவரிடமே நேராகப் பேசலாம். வாரம் ஒருமுறை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்க முடியுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், அது உங்கள் உரிமை. தூக்கம் மிகவும் கெட்டுப்போனால் மனநல மருத்துவரைப் பார்த்துச் சில காலம் மாத்திரை எடுப்பது தெரபிக்குத் தடையாகாது. நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அடுத்த செஷனுக்கு இந்தக் கடிதத்தையும் பதிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் எழுதியதில் உங்கள் விஷயத்துக்குப் பொருந்தாதது எது என்று அவர் சொன்னால், அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா