சோப்புத்தண்ணீர் இயற்பியல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இயற்பியலாளர் சியன்-ஷியுங் வூ பற்றி நான்கு நிமிடம் பேசப்போகிறாள். 'சீனத்து மேரி கியூரி' என்று தொடங்கி 'நோபல் மறுக்கப்பட்ட பெண்' என்று முடிக்கிறாள். அவருக்குப் பரிசு கிடைக்காததற்குக் காரணம் பெண் என்பதா, சீனர் என்பதா? லீ, யாங் இருவருக்கும் நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் பாடம் எடுத்ததைப் பற்றியும் எழுதுங்கள்.

ர., உடுமலைப்பேட்டை

அன்புள்ள ர.,

சில நாட்களாக வூவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

சீனர் என்பதால் மறுத்தார்கள் என்ற வாதம் நிற்காது. வூவின் சோதனை உறுதிசெய்த கருத்துக்காக 1957இல் இயற்பியல் நோபல் பெற்ற லீயும் யாங்கும் சீனாவில் பிறந்தவர்கள்தான். பெண் என்பதாலா? அன்றைய இயற்பியல் துறைகள் பெண்களை நடத்திய விதம் தெரிந்தவர் யாரும் இல்லையென்று அடித்துச் சொல்ல மாட்டார்கள். வூவின் முடிவுகள் 1957 பிப்ரவரியில்தான் அச்சாயின, அவ்வாண்டுப் பரிந்துரைக் கெடு ஜனவரியிலேயே முடிந்திருந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் வூ அதற்குப் பிறகு 1997 வரை உயிரோடு இருந்தாரே! இத்துடன் இதை விடுகிறேன்.

'சீனத்து மேரி கியூரி'யை இன்றே வெட்டச் சொல்லுங்கள். ஒரு பெண்ணைப் பாராட்ட இன்னொரு பெண்ணின் பெயரைக் கடன் வாங்குவது வெறும் சோம்பேறித்தனம்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றுக்காக. அந்த அம்மாள் என்ன செய்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லையே ஐயா. கிடைக்காத பரிசு இருக்கிறது, செய்த வேலை இல்லை.

அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்வதைப் பீட்டா சிதைவு என்பார்கள். அது பற்றி 1934இல் இயற்பியலாளர் ஃபெர்மி ஒரு கோட்பாடு தந்தார். அளந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கோட்பாடு ஒத்துவரவில்லை. வேகம் குறைந்த எலக்ட்ரான்கள் கணக்குக்கு மேல் வந்தன. கோட்பாட்டைத் திருத்தப் பலர் கிளம்பினார்கள். வூ கதிரியக்கப் பொருளைப் பூசியிருந்த விதத்தைப் பார்த்தார். பூச்சு தடிமனாக, திட்டுத்திட்டாக இருந்தது. அதற்குள்ளிருந்து வெளியேறும்போதே எலக்ட்ரான்கள் ஆற்றலை இழந்தன. 1949இல் அவர் கதிரியக்கத் தாமிர சல்பேட் கரைசலில் சிறிது டிடெர்ஜென்ட் கலந்தார். துணி துவைக்கிறோமே, அந்த வகைச் சரக்கு. கரைசல் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவியது. ஃபெர்மி சொன்ன வளைவு அப்படியே வந்தது.

1956இல் லீ தம் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்? கண்ணாடியில் தெரியும் உலகமும் நம் உலகத்தின் விதிகளின்படியே இயங்கும், இயற்கைக்கு இடம் வலம் தெரியாது என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பீட்டா சிதைவில் அதை ஒருவரும் சோதித்திருக்கவில்லை. வூவும் கணவரும் சீனாவை விட்டு வந்து இருபது ஆண்டு ஆனதையொட்டிக் கப்பலில் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கணவரைத் தனியே அனுப்பிவிட்டு வூ ஆய்வகத்தில் தங்கிவிட்டார்.

கோபால்ட்-60 அணுக்கருக்களை ஒரே திசையில் நிறுத்த வேண்டும். வெப்பம் அவற்றைக் கலைக்காமலிருக்க, தனிப் பூஜ்யத்துக்கு, அதாவது அதற்குக் கீழே குளிரவே முடியாத எல்லைக்கு, ஒரு பாகையின் நூறில் ஒரு பங்குக்கருகே குளிர்விக்க வேண்டும். அதற்கான வசதி வாஷிங்டனில் இருந்தது. வூ நியூயார்க்கிலிருந்து போய்வந்தார். தேவையான பெரிய படிகங்களை ஆய்வகத்திலேயே வாரக்கணக்கில் வளர்த்தெடுத்தார்கள். எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே அதிகம் பாய்ந்தன. இயற்கைக்கு இடம் வலம் தெரிந்திருந்தது. கடவுள் இடதுகைக்காரர் என்று தாம் நம்பவில்லை என்று எழுதியிருந்த இயற்பியலாளர் பவுலிகூட ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது நம் கதை. நான் படித்த கல்லூரியில் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் தனி ஊசல் சோதனைக்கு விடை முன்பே தெரியும்: 980. அதை நோட்டின் அடியில் எழுதிவிட்டு, கணக்கைத் தலைகீழாகப் போட்டு, அலைவு நேரங்களை மேலே நிரப்புவதுதான் வழக்கம். ஆசிரியருக்கும் தெரியும். எங்கள் வகுப்பில் ஒருவன் மட்டும் நிறுத்துகடிகாரத்தோடு நின்று, வந்த எண்ணையே எழுதினான். தொள்ளாயிரத்து நாற்பது சொச்சம். அவனுக்கு மதிப்பெண் வெட்டினார்கள். நூலின் நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தாய் என்று ஒருவராவது அவனிடம் கேட்டிருக்கலாம். வூ கேட்டிருப்பார். 980 எழுதிய எங்கள் நோட்டுகளைத்தான் அவர் தூக்கி எறிந்திருப்பார். இப்படிப் பயிற்றுவித்துவிட்டு நம்மிடம் ஏன் நோபல் இல்லை என்று ஆண்டுதோறும் அக்டோபரில் கட்டுரை எழுதுகிறோம்.

உங்கள் மகள் வூவைத் தேர்ந்தெடுத்ததே எனக்கு மகிழ்ச்சி. லியூஹே என்ற சிற்றூரில் பெண்களுக்குப் பள்ளி திறந்த அப்பாவைப் பற்றி அரை நிமிடம் பேசட்டும். 1936இல் கப்பலேறிய மகளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. நோபலுக்கும் அரை நிமிடம் தாராளம். மீதி மூன்று நிமிடமும் டிடெர்ஜென்ட்டுக்கும் படிகத்துக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் மேடையிலேயே ஒரு கண்ணாடித் தட்டில் வெறும் தண்ணீர்ச் சொட்டையும் சோப்புத்தண்ணீர்ச் சொட்டையும் விட்டுக் காட்டட்டும்.

சந்திரசேகர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடுத்த கடிதத்தில் நினைவுபடுத்துங்கள்.