பழைய சூப்பர்சார்ஜர் எஞ்சின்களின் பூஸ்ட் கேஜ்: கேள்வி பதில்

கேள்வி: மெர்லின் மாதிரி பழைய விமான எஞ்சின்களில் பூஸ்ட் கேஜ், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மானி, ஏன் கெடுகிறது சார்? அழுத்தம் தாங்காமலா?

பதில்: பெரும்பாலும் பெட்ரோலால். மெர்லினிலும் ரைட் சைக்ளோன் எஞ்சினிலும் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்கு அப்புறம்தான் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர், அதனால் சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் இருப்பது பெட்ரோல் கலந்த காற்று. அது காக்பிட்டுக்குப் போகும் மெல்லிய குழாயில் குளிர்ந்து, தொய்ந்த இடத்தில் சொட்டாகத் தேங்கி, முள்ளைத் தாமதப்படுத்தும். என்னிடம் வந்த ஒரு கேஜைத் திறந்தால் கேப்சூல் (அழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்கி முள்ளை நகர்த்தும் மெல்லிய உலோகப் பெட்டி) மடிப்பெல்லாம் பச்சைக் கறை, பிசின் மாதிரி. முள் தட்டினால்தான் நகர்ந்தது. இதற்காகவே பல அமெரிக்க விமானங்களில் ஒரு டிரெயின் வால்வு உண்டு. ஐடிலில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அப்போது திறந்தால் காக்பிட் காற்று உள்ளே இழுபட்டு, தேங்கியதை எஞ்சினுக்கே கொண்டுபோய்விடும். கேஜ் 30 அங்குலத்துக்கு (பாதரச அளவு, ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) மேல் காட்டும்போது திறக்கவே கூடாது, பெட்ரோல் ஆவி உங்கள் முகத்துக்கு வரும்.

கேள்வி: பிரிட்டிஷ் கேஜில் +9 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) என்றால் எத்தனை அங்குலம்?

பதில்: 48. பவுண்டோடு கடல்மட்டக் காற்றழுத்தமான 14.7 கூட்டி 2.036ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: குழாயை கம்ப்ரசரால் ஊதலாமா?

பதில்: கேஜைக் கழற்றிவிட்டு ஊதுங்கள். மாட்டியபடி ஊதினால் கேப்சூல் போச்சு.

கேள்வி: குழாய் வாயில் ரெஸ்ட்ரிக்டர், அதாவது சின்னத் துளை வைத்த அடைப்பு, தேவையில்லை என்பேன். முள் தாமதமாகும், விமானி அதற்குள் அழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றி ஓவர்பூஸ்ட் செய்துவிடுவார்.

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். குழாயின் மறுமுனை மூடியது, அதனால் அழுத்தம் நிலையாக இருக்கும்போது அந்தச் சின்னத் துளை அளவை மாற்றாது, திடீர் அடியை மட்டும் மெதுவாக்கும். பேக்ஃபயர் ஆனால், அதாவது மேனிஃபோல்டிலேயே கலவை வெடித்தால், அந்த ஒரு அடிதான் கேப்சூலை நெளிக்கிறது. மெர்லினில் பூஸ்ட் கன்ட்ரோல் தானாகவே வேலை செய்யும், விமானி நொடிக்கு நொடி முள்ளைத் துரத்துவதில்லை.

கேள்வி: மெர்லினில் ஃபிளேம் டிராப் இருக்கிறதே, அது போதாதா?

பதில்: அது நெருப்பு சூப்பர்சார்ஜர் பக்கம் திரும்பாமல் தடுக்க. கேஜுக்கு அதை நம்பாதீர்கள்.

கேள்வி: அப்போ துளை அடைத்துக்கொண்டால்?

பதில்: நல்ல கேள்வி. முள் நின்றுவிடும் அல்லது ஆமையாக நகரும். கம்பியால் குத்திப் பெரிதாக்காதீர்கள், கரைப்பானில் ஊறவையுங்கள்.

கேள்வி: +12 பவுண்டு எத்தனை அங்குலம்? அப்புறம், கம்ப்ரசர்...

பதில்: கணக்கு மேலே இருக்கிறது, 54 சொச்சம். கம்ப்ரசருக்கு முன்னால் கேஜைக் கழற்றுங்கள், மூன்றாவது தடவை சொல்ல வைக்காதீர்கள்.

கேள்வி: என் காரின் டர்போ கேஜ்?

பதில்: கார் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: கேஜ் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: எஞ்சின் நின்றிருக்கும்போது அங்குல கேஜ் அந்த இடத்துக் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். பாரோமீட்டரோடு ஒப்பிடுங்கள், மெதுவாகத் தட்டிய பிறகும் வித்தியாசம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.