கூட்டாளி “ஒரு பிளான் காட்டணும்” என்கிறான், என்ன செய்வது? சேலத்துக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

எம்.எல்.எம்., அதாவது ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கும் செயின் பிசினஸ் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் சேலத்தில் வரிக் கணக்கு எழுதித் தருகிறவள். செயின் பிசினஸில் இருக்கும் பலருக்கு ரிட்டன் போட்டுத் தருவதால், மேடையில் காட்டும் செக்கும் எனக்குத் தெரியும், அதன் பின்னால் இருக்கும் செலவும் தெரியும். வந்த கேள்விகளில் முக்கால்வாசி சட்டத்தைப் பற்றியவை அல்ல. “நட்பு கெடாமல் எப்படி மறுப்பது” என்பதுதான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): அக்கா, கூடப் படித்தவன். “ஒரு முக்கியமான விஷயம், நேர்ல பேசணும், அஞ்சு ரோட்டுக்கு வா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். காசில்லை என்றால் “அதுக்குத்தான்டா கூப்பிடறேன்” என்கிறான். நேரமில்லை என்றால் “தினம் ரெண்டு மணி நேரம் போதும்” என்கிறான். எனக்குப் பேச வராது என்றால் “டிரெய்னிங் நாங்க தர்றோம்” என்கிறான். வேறு என்ன காரணம் சொல்லலாம்?

பதில்: எந்தக் காரணமும் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் அவன் தயங்காமல் பதில் சொன்னதைக் கவனித்தீர்களா? அது அவன் யோசித்த பதில் இல்லை. கூட்டத்தில் சொல்லிக் கொடுத்து, மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பியது. வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள், “அவங்களையும் கூட்டிட்டு வா” என்பான். நீங்கள் காரணம் சொல்லச் சொல்ல, அதைத் தீர்த்துவிட்டால் சேர்ந்துவிடுவீர்கள் என்று அவனுக்கு நம்பிக்கை வரும்.

இப்படிச் சொல்லுங்கள்: “டேய், எனக்கு இதுல விருப்பமில்ல. சேர மாட்டேன், வாங்க மாட்டேன், மீட்டிங்குக்கும் வர மாட்டேன். மத்தபடி எப்ப வேணா வா, டீ சாப்பிடலாம்.” “ஏன்டா?” என்று கேட்பான். “விருப்பமில்லடா” என்பதோடு நிறுத்திவிடுங்கள். மறுபடி கேட்டால் மறுபடி அதே வார்த்தை. குரலை உயர்த்த வேண்டாம், புது விளக்கமும் வேண்டாம்.

நம்மூரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுவோம். “யோசிச்சுச் சொல்றேன்”, “தீபாவளி போகட்டும்” என்று நழுவுவோம். இந்த இடத்தில் அதைவிடக் கெடுதல் கிடையாது. யோசிக்கிறேன் என்றவர் பெயருக்கு நேரே ‘ஃபாலோ அப்’ என்று எழுதிக்கொள்வார்கள், அடுத்த முறை கூடவே அப்லைன் ஒருத்தரையும், அதாவது தங்களைச் சேர்த்துவிட்ட மேல் ஆளையும், கூட்டி வருவார்கள்.

இன்னொன்று. சேர்ந்ததுமே தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதச் சொல்வார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கப் பட்டியல் போடுவது போல. சொந்தக்காரர், பக்கத்து வீடு, கூடப் படித்தவர் என்று அதில் எல்லாரும் வருவார்கள். உங்கள் பெயர் அதில் இருப்பதால் உங்களை ஏமாற்றத் திட்டம் போட்டான் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவன் அதை நம்பித்தான் கூப்பிடுகிறான்.

கேள்வி (அம்மாப்பேட்டை): தோழி கம்பெனியின் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் காட்டி, “கவர்மென்ட் அப்ரூவ்டு” என்கிறாள். நம்பலாமா?

பதில்: கம்பெனி பதிவும் ஜிஎஸ்டியும் இருந்தால் அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது, வரிக் கணக்கில் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். வியாபார முறை சரி என்று யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

நேரடி விற்பனை, அதாவது கடை இல்லாமல் ஆட்கள் மூலம் பொருள் விற்பது, குற்றம் இல்லை. ஆள் சேர்ப்பதற்காகப் பணம் கைமாறுவதுதான் குற்றம். பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது, நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல்கள் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது என்றன. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனைக்கென்றே தனி விதிகள் வந்தன. விற்பவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது. “நீங்க இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்தா இந்தக் காசு திரும்ப வந்துடும்” என்று சொல்லி விற்கவும் கூடாது. கடைசி வரியை உங்கள் தோழி எத்தனை முறை சொன்னார் என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டணம் என்ற பெயரில் வாங்காமல் “12,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்தா ஐடி ஆக்டிவ் ஆகும்” என்பார்கள். ஐடி என்பது கம்பெனியில் உங்கள் உறுப்பினர் எண். பெயர்தான் மாறியிருக்கிறது. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்தக் கூட்டத்தில் சேராத வெளி ஆள் யாராவது, இந்த விலைக்கு, இந்தப் பொருளைத் தொடர்ந்து வாங்குகிறாரா? ஒருவரும் இல்லையென்றால், மேலே போகும் கமிஷன் எல்லாம் கீழே புதிதாகச் சேர்ந்தவர் போட்ட காசுதான்.

பெரிய பெயர் என்பதும் சமாதானம் ஆகாது. பிரமிடு மோசடி, அதாவது கீழே சேர்பவர் காசை மேலே இருப்பவருக்குக் கொடுக்கும் மோசடி, என்று குற்றம் சாட்டி ஆம்வே இந்தியாவின் 757 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட சொத்துகளை 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை முடக்கியது. அது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. ஆனால் “எத்தனை வருஷமா நடக்குது பாருங்க” என்று யாராவது சொன்னால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): ஆளுக்கு ஆறு பேர்தானே சேர்க்கணும், அது ஒரு பெரிய விஷயமா என்கிறார் என் அலுவலக நண்பர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து அவர் கையில் கொடுங்கள். முதல் வரிசையில் 6, அடுத்து 36, 216, 1,296, 7,776, 46,656. ஏழாவது வரிசையில் 2,79,936. எட்டாவதில் 16,79,616. ஒன்பதாவது வரிசைக்கு மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 34.8 லட்சம், அதில் கைக்குழந்தையும் அடக்கம். பத்தாவது வரிசை வரை கூட்டினால் 7.25 கோடியைத் தாண்டும். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாடே 7.21 கோடிதான்.

எந்த நேரத்தில் பார்த்தாலும் கடைசி வரிசையில் இருப்பவர்கள்தான் ஆறில் ஐந்து பங்கு. அவர்களுக்குக் கீழே ஆளே இல்லை. உழைக்காததால் தோற்றார்கள் என்று மேடையில் சொல்வது அவர்களைத்தான்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஏற்காட்டில் ரிசார்ட், இரண்டு நாள் இலவசம், குடும்பத்தோடு வா என்கிறாள் தோழி. போய் ஊரைச் சுற்றிவிட்டு வந்துவிடலாமா?

பதில்: போவதென்றால் சொந்த வண்டியில் போங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போன பிறகு, அவர்கள் பஸ்ஸில் வந்தவருக்கு அவர்கள் விடும்போதுதான் இறங்க முடியும். பகோடா பாயின்ட்டைப் பார்க்கலாம் என்று போனவர்களைப் பகல் முழுக்க ஹாலில் உட்கார வைத்து, ராத்திரி ‘சாதனையாளர்’ கதைகள் கேட்க வைத்து, காலையில் டிபனுக்கு முன்னால் கையெழுத்துக் கேட்பார்கள். எல்லாரும் கை தட்டும்போது நாம் மட்டும் சும்மா இருப்பது கஷ்டம். ஏற்காட்டுக்கு நம்மூரிலிருந்து பஸ் டிக்கெட் எவ்வளவு ஆகிவிடும்? இலவசத்தை விட அது மலிவு.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): காபியும் மிளகும் கொஞ்சம் இருக்கு. அக்கா மகன் ஒரு பயிர் டானிக் கொண்டு வந்து, இதை அடிச்சா உரமே வேண்டாம், பத்துப் பேருக்குக் கொடுத்தா கமிஷன் என்கிறான். சொந்தம், தட்ட முடியவில்லை.

பதில்: ஐயா, சொந்தத்தை ஒரு பக்கம் வையுங்கள், பாட்டிலை ஒரு பக்கம் வையுங்கள். பயிர் ஊக்கிகளையும் 2021-லிருந்து உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். லேபிளில் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று இருக்க வேண்டும். அந்தப் பாட்டிலை ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். மருமகனிடம், “அவங்க சரின்னு சொன்னா ஒரு பாட்டில் வாங்கறேன், நாலு செடிக்கு அடிச்சுப் பார்ப்போம், ஆனா யாருக்கும் நான் விக்க மாட்டேன்” என்று சொன்னால் போதும். உரத்தை நிறுத்திவிட்டு முழுத் தோட்டத்துக்கும் அடிக்க வேண்டாம்.

கேள்வி (குகை): அம்மாவுக்குச் சர்க்கரை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பவுடர் கொடுத்து, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்.

பதில்: இதில் மட்டும் நாசூக்கு வேண்டாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, அதை அந்த அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஊட்டச்சத்து வகையென்றால் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், போட்டே ஆக வேண்டும். சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மாத்திரைச் செலவுதான் பிரச்சினை என்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கேள்வி (ஓமலூர்): பையனின் வகுப்பு ஆசிரியை, அரசுப் பள்ளி, பெற்றோர்களிடம் அழகுப் பொருள் விற்கிறார். வாங்காவிட்டால் பையனை ஏதாவது செய்வாரோ என்று பயம்.

பதில்: அரசு ஊழியர் அனுமதி இல்லாமல் தனி வியாபாரம் செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 சொல்கின்றன. கணவர் பெயரில் ஐடி என்றாலும் பள்ளிக்கூடத்தில் வைத்து விற்பது அவர்தானே. இதை முதலிலேயே அவர் முகத்துக்கு நேரே எடுத்து வீச வேண்டாம். “வேண்டாம் டீச்சர், நாங்க வாங்கறதில்ல” என்று இன்னும் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து சொன்னால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் தலைமையாசிரியரிடம் போங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): சேர்ந்து பணமும் கட்டிவிட்டேன். வெளியே வர முடியுமா? அப்லைன் அண்ணன், “ரெண்டு பேரைச் சேர்த்துட்டா உன் காசை எடுத்துட்டுப் போயிடலாம்” என்கிறார்.

பதில்: அந்த இரண்டு பேரைச் சேர்க்காதீர்கள். உங்கள் காசு போனது ஒருத்தர் நஷ்டம், அதை மீட்க இரண்டு பேரை இழுத்தால் அவர்கள் முகத்தில் நீங்கள் விழிக்க வேண்டும்.

முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள். அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் அதில் இருக்க வேண்டும், எத்தனை நாள் என்று பாருங்கள். உள்ளே இருந்தால் இன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள்: விலகுகிறேன், பிரிக்காத பொருளைத் திருப்பித் தருகிறேன், பணத்தைத் தாருங்கள் என்று மூன்றே வரி. அப்லைனுக்கு வாட்ஸாப்பில் சொன்னால் அது எங்கும் பதிவாகாது. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி 48 வேலை மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கின்றன 2021 விதிகள். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளே இல்லாமல் பணம் மட்டும் சுழலும் திட்டமென்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டியதுதான். ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கூட்டத்துக்குக் கூப்பிட்ட மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி (அதே ஊர், வேறொருவர்): நண்பன் என் ஆதார், பான் நகலை வாங்கி என் பெயரில் ஐடி போட்டுவிட்டான். “நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், லெஃப்ட் லெக்குக்கு ஒரு ஆள் வேணும்” என்றான்.

பதில்: லெஃப்ட் லெக் என்றால் அவனுக்குக் கீழே இடது பக்கம் வரும் ஆள் வரிசை, அதை நிரப்ப உங்கள் பெயரைப் போட்டிருக்கிறான். ஐடியை ரத்து செய்யச் சொல்லி கம்பெனிக்கு எழுத்தில் அனுப்புங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் யார் பணமாவது வந்து போகிறதா என்று பாருங்கள். வந்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள், நேராக வங்கிக் கிளைக்குப் போங்கள். உங்கள் பானில் கமிஷன் ஏறினால் வரிக் கணக்கு உங்களுடையது, நண்பனுடையது இல்லை.

கேள்வி (சிவதாபுரம்): கூடவே வளர்ந்தவள், இப்போது முழுசாக அதிலேயே இருக்கிறாள். கொலுசுப் பட்டறை வேலையையும் விட்டுவிட்டாள். மோசடி என்று சொன்னால் என்னையே எதிரியாகப் பார்க்கிறாள். எப்படித்தான் புரிய வைப்பது?

பதில்: மோசடி என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவள் கம்பெனிக்கு வக்கீலாகிவிடுவாள். 2025 ஜனவரியில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அம்மாப்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் ஓர் அறக்கட்டளை பணம் வசூலித்தபோது என்ன நடந்தது? சோதனை போடப் போன போலீசாரையே அங்கிருந்தவர்கள் தாக்கினார்கள். பணத்தைப் போட்டவர்களுக்கு, காப்பாற்ற வருபவர்தான் முதல் எதிரியாகத் தெரிவார். அது தனிக் கதை, செயின் பிசினஸ் இல்லை, ஆனால் மனசு வேலை செய்யும் விதம் ஒன்றுதான். 2012-ல் ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டுத் திட்டங்கள் விழுந்தபோதும் கடைசி வாரம் வரை “வதந்தி” என்றவர்கள் இருந்தார்கள்.

நான் என்னிடம் வருபவர்களுக்குச் செய்வது ஒன்றுதான்: ஒரு நோட்டு. “உன் பிசினஸுக்குக் கணக்கு எழுதித் தர்றேன் வா” என்று உட்காருங்கள். உதாரணத்துக்கு, ஒரு மாதம் கமிஷன் 4,200. ஐடி உயிரோடு இருக்க அவளே வாங்கிய பொருள் 3,500, பெட்ரோல் 1,800, மீட்டிங் டிக்கெட் 600. போனது 5,900. கையிலிருந்து 1,700 போயிருக்கிறது. பட்டறையில் வந்துகொண்டிருந்த கூலியை இன்னும் எழுதவே இல்லை. மூன்று மாதம் இப்படி எழுதச் சொல்லுங்கள், கூட்டிப் பார்க்கும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். சிலர் நோட்டையே தொலைத்துவிடுவார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

இதற்கு நடுவில் கடன் மட்டும் கொடுக்காதீர்கள். குழுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள். வீட்டில் அரிசி இல்லை என்றால் அரிசி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (நான்கு ரோடு): சும்மா ஒரு ஆதரவுக்கு ஒரு பேஸ்ட், ஒரு சோப்பு வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

பதில்: பிடித்து, விலையும் கட்டுப்படியானால் வாங்குங்கள். பாவம் என்று வாங்கினால் மாதாமாதம் பாவம் பார்க்க வேண்டி வரும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி, இன்னொருவர்): என் நண்பன் இரண்டு வருஷத்துக்கு முன் இதில் இறங்கி எல்லாரையும் நச்சரித்தான், நானும் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். இப்போது விட்டுவிட்டான் என்று கேள்வி. வெட்கப்பட்டுக்கொண்டு யாரையும் பார்ப்பதில்லையாம். நான் கூப்பிடலாமா?

பதில்: கூப்பிடுங்கள், அவன் கூப்பிட மாட்டான். “எவ்வளவு போச்சு?” என்று கேட்காதீர்கள், “நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்று ஆரம்பிக்காதீர்கள். தட்டுவடை செட் சாப்பிட வா என்று கூப்பிட்டால் போதும், அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் அதை இன்னொரு நாள் தனியாகப் பேசுங்கள், மாதம் இவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வீட்டில் தேங்கிக் கிடக்கும் ஷாம்பூ பெட்டியைத் தருகிறேன் என்பான். வாங்காதீர்கள், தேதி முடிந்திருக்கும்.