வரவேற்புரையும் இரவு உப்புமாவும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. இருபது வருடத்துக்கு மேல் இயற்பியல் ஆசிரியராக இருந்துவிட்டு, இந்தக் கல்வியாண்டில் ஓர் உறைவிடப் பள்ளிக்கு முதல்வராகப் பொறுப்பேற்கிறேன். கொங்குப் பகுதி. பள்ளியின் பெயரும் என் பெயரும் வெளியே வர வேண்டாம்.

ஜூன் முதல் வாரம் பள்ளி திறப்பு. அன்று காலை மைதானத்தில் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், பெற்றோர், பழைய மாணவர்கள் எல்லோருக்கும் நான் வரவேற்புரை சொல்ல வேண்டும். முன்பிருந்த முதல்வர்களின் உரைகள் கோப்பில் இருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு. போன வருட ரிசல்ட், மெடிக்கல் சீட் எண்ணிக்கை, ஒழுக்கம், 'இது உங்கள் இரண்டாவது வீடு', கடைசியில் ஒரு குறள். நானும் அதே மாதிரி ஒன்று எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். வாசித்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. பெற்றோருக்கு நம்பிக்கை வரும்படி பேசுங்கள், வசதிகளைச் சொல்லுங்கள் என்கிறது நிர்வாகம். ஏ.சி. விடுதி, சாதா விடுதி, இரண்டுக்கும் தனித்தனி மெஸ், நீச்சல் குளம், கண்காணிப்பு கேமரா.

நீங்கள் விடுதியில் தங்கிப் படித்தவர் என்று எங்கோ எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு உங்களிடம் என்ன சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்? எவ்வளவு நேரம் பேசலாம்? பொருத்தமான குறள் ஒன்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு முதல்வர்

*

அன்புள்ள முதல்வர் அவர்களுக்கு,

வரைவை வாசித்தேன். பிழையில்லாத நல்ல தமிழ். ஆனால் அதில் ஒரு வரிகூடப் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னதாக இல்லை. பின்வரிசை நாற்காலியில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு, இத்தனை லட்சம் கட்டியது வீண்போகாது என்று கேட்க விரும்பும் அப்பாவிடம்தான் முழுக்கப் பேசியிருக்கிறீர்கள். அவரிடம் அட்மிஷன் சமயத்திலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது, பணமும் வாங்கியாகிவிட்டது. மீதி இருப்பது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

முதலில் 'இரண்டாவது வீடு'. அதை அடித்துவிடுங்கள். ஊட்டி லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி 1858-இல் தொடங்கியபோது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக, அதிலும் குறிப்பாக அப்பாவை இழந்த பிள்ளைகளுக்காக இருந்தது. அங்கே வந்து இறங்கிய பல பிள்ளைகளுக்குப் போக வேறு இடம் கிடையாது. அவர்களிடம் இது உன் வீடு என்று சொன்னால் அதில் ஒரு நியாயம் உண்டு. உங்களிடம் வருகிற பிள்ளைக்கு வீடு இருக்கிறது. அங்கே அம்மா இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், அன்று காலை கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்த நாய் இருக்கிறது. வளைகுடாவில் அப்பா வேலை பார்ப்பதாலோ, ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இல்லாததாலோ, டாக்டர் சீட் கனவாலோ அந்தப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இது வீடு இல்லை என்பது அதற்குத் தெரியும். பெரியவர் ஒருவர் மைக்கில் அதை வீடு என்று சொல்கிறபோது, இந்த ஆள் சொல்வதை நம்ப வேண்டாம் என்று முதல் நாளே முடிவு கட்டிவிடும்.

'இது விடுதி. வீடு மாதிரி இருக்காது. ஆனால் இங்கே உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள், பசியோடு படுக்க விட மாட்டார்கள்' என்று சொல்லுங்கள். அது போதும். ஆனால் சொன்னால் காப்பாற்ற வேண்டும். அடிக்க மாட்டார்கள் என்பது உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடலை வருத்துவதையும் மனதைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. அதை அந்த மைதானத்தில், வார்டன்களும் ஆசிரியர்களும் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் சொன்னால் அந்த வருடம் முழுக்க அது நிற்கும். கூடவே 1098, 14417 இரண்டு எண்களையும் சொல்லுங்கள். முதலாவது குழந்தைகளுக்கான உதவி எண், இரண்டாவது பள்ளிக் கல்வித் துறையுடையது. 'என்னிடமே சொல்ல முடியாத பிரச்சினை என்றால் இதற்குப் பேசு' என்று ஒரு முதல்வர் தன் வாயால் சொல்வது சின்ன விஷயம் இல்லை. நிர்வாகம் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

எனக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டீர்கள். எங்கள் காலத்தில் தகர டிரங்குப் பெட்டி, பாய், ஜமக்காளம், பெயின்ட்டில் பெயர் எழுதிய பக்கெட். பெட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வோம். பெரிய மனிதர்கள் பேசிய உரை ஒன்றும் நினைவில் இல்லை. நான் அன்றைக்குத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவை வேறு. ராத்திரி கக்கூஸ் போக வேண்டுமென்றால் விளக்கு எரியுமா? தனியாகப் போக வேண்டுமா? காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது, எழுப்பினால் திட்டுவார்களா? அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைப் பிடுங்கிவிடுவார்களா? மறுபடி அம்மாவை எப்போது பார்ப்பேன், எந்தத் தேதி? இவற்றுக்குப் பதில் தெரிந்திருந்தால் நான் பாதி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

என் பக்கத்துப் பாயில் ஒரு பையன் படுக்கையை நனைப்பான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போவான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வான், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்போம். பகலில் அதைச் சொல்லிக் கேலி செய்தவர்களும் நாங்கள்தான். ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஒருவர், யாரும் சொல்லாமலே, தினம் படிப்பு முடித்துப் படுக்கப் போகும்முன் அவனைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் வருவார். ஒரு மாதத்தில் நனைப்பது நின்றுவிட்டது. உங்கள் விடுதியிலும் இப்படி ஒரு பிள்ளையாவது கட்டாயம் இருக்கும். ஏ.சி. விடுதி என்றால் குளிரில் இன்னும் அதிகம். மேடையில் இதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் வார்டன்களை முந்தின நாளே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். மாற்று விரிப்பு எங்கே இருக்கிறது என்பது பிள்ளைக்குக் கேட்காமலே தெரிய வேண்டும், காலையில் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

கண்காணிப்பு கேமராவைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெற்றோருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், வரவேற்பில் அது எதற்கு?

விடுதியில் கொடுமையான நேரம் நள்ளிரவு இல்லை, சாயங்காலம் ஆறு மணி. விளையாட்டு முடிந்து, கைகால் கழுவி, படிப்பு மணி அடிக்கும் வரை உள்ள இடைவெளி. வீட்டில் விளக்கு வைக்கும் நேரம். புதுப் பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் அப்போதுதான். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி உருவாக்கிய ரிஷிவேலிப் பள்ளியில் அந்த நேரத்துக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் திறந்த வெளியில் பேசாமல் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்ப்பார்கள். அஸ்தாசல் என்று அதற்குப் பெயர். தியானம் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும். அழுகை வருகிற நேரத்தில் பிள்ளை தனியாக இல்லை, அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் அதையே செய்ய வேண்டும் என்றில்லை. கதை சொல்லலாம், சுண்டல் கொடுக்கலாம், பந்தை இன்னும் அரைமணி நேரம் உதைக்க விடலாம். அந்த அரைமணியைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

போன் பேசும் நாளையும் மைக்கில் அறிவித்துவிடுங்கள், கிழமையோடு. பல விடுதிகளில் போன் வார்டன் மேசையில் இருக்கிறது. வார்டன் எதிரில் உட்கார்ந்திருப்பார், பின்னால் இருபது பேர் வரிசை. 'நல்லா இருக்கேன்மா. சாப்டேன்மா. வச்சிர்றேன்மா.' வேறு என்ன சொல்ல முடியும் அந்தப் பிள்ளையால்? போனை ஐந்தடி தள்ளி ஜன்னலோரம் வைக்கச் சொல்லுங்கள். செலவில்லாத காரியம்.

இப்போது நீங்கள் வசதிப் பட்டியலில் போகிற போக்கில் எழுதிய ஒன்றுக்கு வருகிறேன். இரண்டுக்கும் தனித்தனி மெஸ். உங்கள் உரையின் மூன்றாவது பத்தியில் 'இங்கே அனைவரும் ஒரே குடும்பம்' என்று இருக்கிறது. அந்தப் பத்தியைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் மதியம் இரண்டு வரிசையாகப் பிரிந்து இரண்டு கூடத்துக்குப் போகப்போகிறார்கள். ஒரு கூடத்தில் சப்பாத்தி, பன்னீர். இன்னொன்றில் சோறு, தண்ணீர்ச் சாம்பார். நீங்கள் எழுதவில்லை, ஆனால் தனி மெஸ் என்றாலே தனிச் சாப்பாடு என்பது தெரிந்ததுதானே. இல்லாவிட்டால் எதற்குத் தனியாக ஒன்று?

நம் ஊர்க் கல்வி வரலாற்றில் சாப்பாட்டுக் கூடத்தால் கவிழ்ந்த ஓர் உறைவிடப் பள்ளி உண்டு. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிச் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம். லண்டனுக்கு பாரிஸ்டர் படிப்புக்குப் போய் புரட்சிக்காரராக ஆனவர், பாரதியோடு புதுச்சேரியில் இருந்தவர். உடலுழைப்பும் தாய்மொழிக் கல்வியும் தேசப்பற்றும் சேர்ந்த பள்ளி என்று அவர் கண்ட கனவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்குப் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுக்கவும் செய்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பது காரணம். ஐயர் தனிப்பட்ட முறையில் சாதி பார்த்துச் சாப்பிடுகிறவர் இல்லை. ஆனாலும் பெற்றோர் கேட்டதை மறுக்கவில்லை. காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான வரதராஜுலு நாயுடுவும் அன்று அதே கட்சியில் இருந்த பெரியாரும் அதைக் கையிலெடுத்தார்கள். விவகாரம் காந்தி வரை போனது, மாகாணக் காங்கிரஸே இரண்டுபட்டது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கு உடனடிக் காரணம், சாதிவாரி இடஒதுக்கீடு கேட்ட வகுப்புரிமைத் தீர்மானம் அங்கே ஏற்கப்படாதது என்றாலும், குருகுலக் கசப்பு அதற்குள் இருந்தது.

சாதிப் பந்தியையும் ஏ.சி. மெஸ்ஸையும் ஒன்றாக்குகிறீர்களே என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஒருவன் பிறப்பால் விலக்கப்பட்டான், இன்னொருவன் அப்பாவின் பணத்தால். ஆனால் பதினோரு வயதில் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு இந்த நுணுக்கம் தெரியாது. நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். காலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், மதியம் வேறு கதவு வழியாகப் போகிறான். ஏ.சி. அறைக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது உங்கள் நிர்வாகத்தின் வியாபாரம், அதில் நான் தலையிடவில்லை. யார் எந்த அறையில் தூங்கினாலும் கண்ணை மூடிய பிறகு வித்தியாசம் தெரியாது. சாப்பாடு மூன்று வேளையும் கண்ணைத் திறந்துகொண்டு செய்கிற காரியம்.

மெஸ்ஸை ஒரே நாளில் ஒன்றாக்க உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். புதிதாக வந்தவர், ஒப்பந்தத்தில் இருப்பவர். முதல் இரவு மட்டும் கேட்டுப் பாருங்கள். பள்ளி திறக்கும் அன்று மதியம், பெற்றோர் இருக்கும்போது, வடை பாயசத்தோடு விருந்து போடுவார்கள். கார்கள் எல்லாம் கிளம்பியபின் இரவுக்குக் கோதுமை ரவை உப்புமா. எல்லா விடுதிகளிலும் இதுதான் வழக்கம். இதைத் தலைகீழாக்குங்கள். மதியம் பெற்றோருக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரவில், ஒரே கூடத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் சுடச்சுடத் தோசை. நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்பு வரிசையில் உட்காருங்கள். அங்கே பேச வேண்டாம், சாப்பிடுங்கள். கூட ஒரு தோசை வேண்டும் என்று சொல்லப் பயப்படுகிற பிள்ளை எது என்று பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

காலை உரைக்கு ஐந்து நிமிடம். ஜூன் வெயிலில் நிற்கிற பிள்ளைகளுக்கு அதுவே அதிகம். ரிசல்ட் விவரம் நோட்டீஸ் போர்டில் இருக்கட்டும். குறள் வேண்டாம். எந்தக் குறளைச் சொன்னாலும் பழைய மாணவர்கள் உங்களுக்கு முன்னால் அதை முடித்துவிடுவார்கள்.

ஒரே கூடத்துக்கு நிர்வாகம் என்ன சொன்னது என்று எழுதுங்கள். மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை வார்த்தை மாறாமல் எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசுவோம்.

அன்புடன்.