உறைந்த அருவி ஏற என்ன பூட்ஸ்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

லேசான செயற்கை இழை பூட்ஸ் இத்தனை வந்த பிறகும், ஐஸ் க்ளைம்பிங்குக்குத் தோல் பூட்ஸ் வாங்க வேண்டுமா?

எங்கே ஏறப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நார்வேயின் ருயுகன், இத்தாலியின் கோன்யே போன்ற இடங்களில் காலையில் கிளம்பி, உறைந்த அருவியில் ஏறி இறங்கி, இரவு சூடான அறைக்குத் திரும்பிவிடலாம். அந்த வகை ஏற்றத்துக்கு நான் இன்றும் தோலைத்தான் சிபாரிசு செய்வேன். 3 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுள்ள தோல் பாறையில் உரசினாலும், மறுகாலின் க்ராம்பான் (பனியில் பிடிப்புக்காக பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டம்) முள் கீறினாலும் தாங்கும். போடப் போட உங்கள் காலின் வடிவத்துக்கு வந்துவிடும். ஜோடி 2 கிலோவை நெருங்கும், நனைந்தால் சீக்கிரம் காயாது. அந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

என்னிடம் நல்ல ட்ரெக்கிங் தோல் பூட்ஸ் இருக்கிறது. அதிலேயே க்ராம்பான் மாட்டலாமா?

செங்குத்துப் பனிக்கு வேண்டாம். இத்தாலியக் க்ராம்பான் தயாரிப்பாளர் லோரன் கிரிவெல் 1929இல் க்ராம்பானுக்கு முன்நோக்கி நீளும் முன்முட்களைச் சேர்த்த பிறகுதான், பனியில் படி வெட்டாமல் முன்முனையை மட்டும் ஊன்றி ஏறும் முறை வளர்ந்தது. அப்படி நிற்கும்போது உடல் எடை முழுவதும் கால்விரல் நுனிக்கு முன்னால் இறங்குகிறது. சோல் வளைந்தால் அந்தச் சுமையைக் கெண்டைக்கால்தான் சுமக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே கால் நடுங்கத் தொடங்கிவிடும். க்ராம்பானும் கழன்றுவிடலாம்.

பிரிட்டனில் பூட்ஸின் விறைப்பை பி1, பி2, பி3 என்று பிரிப்பார்கள், அதற்கேற்ப க்ராம்பானை சி1, சி2, சி3 என்று. உங்களுக்கு வேண்டியது பி3: துளியும் வளையாத சோல், முன்னாலும் பின்னாலும் க்ராம்பானின் கம்பியும் நெம்புகோலும் உட்காரும் பள்ளம். பி2 பனியாற்றில் நடக்கவும் மிதமான சரிவுக்கும் போதும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குதிகால். மற்றதெல்லாம் அப்புறம்.

மாலையில் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். லேஸை இறுக்கிக் கட்டி, ஒரு படியின் விளிம்பில் பூட்ஸின் முன்நுனியை மட்டும் வைத்து நில்லுங்கள். குதிகால் உள்ளே மேலெழும்பினால், அந்த ஜோடி எவ்வளவு பெயர்பெற்றதானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பனிச்சுவரில் ஒவ்வொரு உதைக்கும் அது எழும்பும். குதிகாலின் சருமம் உரிந்து கொப்புளம் வரும், கெண்டைக்காலும் ஓய்ந்துபோகும்.

அடுத்து, சுவரில் முன்நுனியால் சில தடவை உதைத்துப் பாருங்கள். விரல்கள் இடிக்கக் கூடாது. இடித்தால் நகம் கறுத்துவிடும், இறங்கும்போது இன்னும் மோசம். விரல்களை உள்ளே தாராளமாக ஆட்ட முடிய வேண்டும். “போடப் போடத் தளர்ந்துவிடும்” என்று கடைக்காரர் சொன்னால், தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது என்பதை நினைவில் வையுங்கள்.

லா ஸ்போர்டிவா, ஸ்கார்பா இரண்டும் இத்தாலிய நிறுவனங்கள், இரண்டுமே தரமானவை. எது நல்லது என்று பலரும் கேட்கிறார்கள். உங்கள் காலுக்கு எது பொருந்துகிறதோ அதுதான்.

க்ராம்பான் ஏற்கெனவே இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பூட்டிவிட்டு, வாரைக் கட்டாமல் பூட்ஸைத் தலைகீழாக உதறுங்கள். ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

குளிருக்காக இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போடலாமா?

பூட்ஸ் இறுகும் அளவுக்குப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஒரு தடித்த ஜோடி போதும். வேண்டுமானால் அடியில் மெல்லியதாக ஒன்று. உலர்ந்த மாற்று ஜோடி பையில் கட்டாயம் இருக்கட்டும்.

ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி போகிறோம், சில இரவுகள் கூடாரத்தில். தோல் பூட்ஸ் தாங்குமா?

வேண்டாம். அங்கே அந்த மாதத்தில் இரவு வெப்பநிலை மைனஸ் 20க்குக் கீழே போகும். பகலில் தோலுக்குள் ஊறிய வியர்வை இரவில் உறைந்து, காலையில் பூட்ஸ் கட்டையாகக் கிடக்கும். உள்பூட்ஸைத் தனியே கழற்றும் இரட்டை அடுக்கு வகையை எடுங்கள், உள்பூட்ஸைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். 1950இல் நேபாளத்தின் அன்னபூர்ணா உச்சியைத் தொட்ட பிரெஞ்சு மலையேறிகள் எர்சோக், லாஷெனால் இருவரும் தோல் பூட்ஸில்தான் ஏறினார்கள்; இருவருமே கால்விரல்களை இழந்தார்கள். இறங்கும்போது பனிப்பிளவுக்குள் ஓர் இரவு கழிக்க நேர்ந்ததும் அதற்குக் காரணம். ஆனால் மலையில் அப்படி ஓர் இரவு யாருக்கும் வரலாம்.

பத்து வருடப் பழைய ஜோடி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தோல் நன்றாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சோலுக்கு நடுவே இருக்கும் பாலியூரித்தேன் அடுக்கு, பயன்படுத்தாமல் பெட்டியில் கிடந்தாலும் ஈரக்காற்றில் சிதையும். கட்டைவிரலால் அழுத்துங்கள், உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ விட்டுவிடுங்கள், பாதி ஏற்றத்தில் சோல் கையோடு வந்துவிடும். க்ராம்பான் பள்ளங்கள் மழுங்கியிருந்தாலும் வேண்டாம். சோல் மட்டும் தேய்ந்திருந்தால் பயப்படத் தேவையில்லை, மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நனைந்த பூட்ஸை ஹீட்டர் அருகே வைக்கலாமா?

கூடவே கூடாது. தோல் சுருங்கி வெடிக்கும், சோலின் பசை விட்டுப்போகும். உள்சோலை எடுத்துவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தாள் நனைய நனைய மாற்றுங்கள். காய்ந்ததும் மெழுகு கலந்த க்ரீமை மெல்லியதாகத் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம், அது தோலைத் தளர்த்திவிடும். பிறகு கணுக்காலுக்குப் பிடிப்பு இருக்காது.